ஒன்லைன் பாடநெறியில் மீள்சிந்தனைக் கேள்விகள்: 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்ற பதிலைத் தாண்டுவது எப்படி?

கொட்டகலை_பாடவடிவம்

அனைவருக்கும் வணக்கம். தோட்டப்புறப் பாடசாலைகளில் கனிஷ்ட இடைநிலைக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான 8 வார ஒன்லைன் பாடநெறி ஒன்றைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. மூடில் என்ற ஒன்லைன் கற்றல் தளத்தில் ஓடுகிறது. 40 பேர் பதிவு செய்திருக்கிறார்கள். அநேகமாக எல்லோரும் போனில்தான் பார்க்கிறார்கள்.

இப்போது உள்ள பாடநெறியில் ஒவ்வொரு அலகின் முடிவிலும் கற்றதைத் திரும்பிப் பார்க்க வைக்கும் மீள்சிந்தனைக் கேள்வியாக ஒரே கேள்வி: "இந்த அலகில் நீங்கள் கற்றது என்ன? அதை உங்கள் வகுப்பறையில் எவ்வாறு பயன்படுத்துவீர்கள்?"

வரும் பதில்: "மிகவும் பயனுள்ளதாக இருந்தது. இதனை எனது வகுப்பறையில் நிச்சயம் பயன்படுத்துவேன்." பின்ன அலகுக்கும் இதே பதில், கேத்திரகணித அலகுக்கும் இதே பதில். அலகுப் பரீட்சையில் பின்னக் கூட்டலில் பிழை விட்டவரும் இதையேதான் எழுதுகிறார்.

கேள்வியையே எடுத்துவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். எடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆனால் எப்படி மாற்றுவது? எத்தனை கேள்வி, எந்த இடத்தில், புள்ளி போடுவதா, மற்றவர்கள் பார்க்கும்படி வைப்பதா? அனுபவம் உள்ளவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

---

பதுளைப்_பயிற்றுநர்

எடுக்க வேண்டாம். கேள்வி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். "என்ன கற்றீர்கள்" என்ற கேள்விக்குப் பிடிமானம் இல்லை. பாடத்தைத் திறக்காதவரும் அதற்குப் பதில் எழுதலாம். நான் வைக்கும் முதல் சோதனை இதுதான்: வீடியோ பார்க்காத, பயிற்சி செய்யாத ஒருவர் இந்தக் கேள்விக்கு மூன்று வரி எழுத முடியுமா? முடியும் என்றால் அது மீள்சிந்தனைக் கேள்வி அல்ல.

உங்கள் பின்ன அலகையே எடுப்போம். பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழை:

1/3 + 1/4 = 2/7

தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிடுகிறார்கள். பாடநெறியில் பொது மடங்கு எடுத்து 4/12 + 3/12 = 7/12 என்று செய்து காட்டுகிறீர்கள். பிறகு "இந்தப் பிழையை எவ்வாறு திருத்துவீர்கள்?" என்று கேட்டால், "பொது மடங்கு எடுக்கக் கற்றுக்கொடுப்பேன்" என்று எல்லோரும் எழுதுவார்கள். வீடியோவில் சொன்னதுதானே திரும்பி வரும்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"2/7, 1/3 இரண்டில் பெரியது எது? அதைக் கண்ட பிறகு, 2/7 என்று எழுதிய பிள்ளையிடம் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? பிள்ளையிடம் கேட்பது போலவே எழுதுங்கள்."

2/7 என்பது 1/3ஐ விடச் சிறியது. ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டி, ஆரம்பத்தில் இருந்ததை விடக் குறைவாக வருகிறது. பல ஆசிரியர்கள் இதை இந்த இடத்தில்தான் முதன்முதலாகக் கவனிக்கிறார்கள். கவனித்த பிறகு எழுதும் பதில் "பொது மடங்கு கற்றுக்கொடுப்பேன்" என்று இருக்காது. "உன்னிடம் மூன்றில் ஒன்று இருந்தது, மேலே கொஞ்சம் தந்தேன், இப்போது குறைந்துவிட்டதா?" என்கிற மாதிரி வரும். ஆசிரியர் தன் கற்பித்தலைத் திரும்பிப் பார்ப்பது அந்த ஒரு வரியில்தான்.

ஆகவே கேள்வியில் மூன்று விடயம் இருக்கட்டும். கற்பவர் இப்போதுதான் செய்த ஒரு வேலை, அதில் தெரிந்த ஒரு முரண் அல்லது மாற்றம், அதை வைத்து அவர் எடுக்கவேண்டிய ஒரு சின்ன முடிவு. ஏதாவது ஒன்று விடுபட்டால் பதில் பொதுப்படையாகப் போய்விடும்.

---

தலவாக்கலை_விஞ்ஞானம்

மேலே சொன்னதோடு முழு உடன்பாடு. எந்த இடத்தில் வைப்பது என்பதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் அலகு முடிவில் மட்டும் வைப்பதே பாதிப் பிரச்சினை. அந்த நேரத்தில் ஆள் களைத்துப்போய், "முடிந்தது" என்ற பச்சை அடையாளம் விழுந்தால் போதும் என்று இருப்பார்.

நான்கு இடங்கள் உண்டு. எல்லா அலகிலும் நான்கையும் போட வேண்டாம், இரண்டு போதும்.

முதலாவது, பாடத்துக்கு முன். இதை ஊகக் கேள்வி என்று சொல்லலாம். உயர்தர இரசாயனவியலில் ஒரு உதாரணம்: தேயிலைக்கு ஏற்ற மண்ணின் பிஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில். கவாத்துக்குப் பிறகு, மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்க டொலமைட் போடுவது இங்குள்ள பிள்ளைகள் கண்ணால் கண்ட விடயம். "பிஎச் 5 உள்ள மண், பிஎச் 6 உள்ள மண்ணை விட எத்தனை மடங்கு அமிலத்தன்மை கூடியது? ஓர் எண்ணை எழுதுங்கள்" என்று பாடத்துக்கு முன்பே கேளுங்கள். இரண்டு மடங்கு, 1.2 மடங்கு, "கொஞ்சம்தான்" என்றெல்லாம் வரும். பாடம் முடிந்ததும் அவர்கள் எழுதிய எண்ணையே அவர்கள் முன் வையுங்கள்: "முதலில் நீங்கள் எழுதிய எண் என்ன? விடை 10 மடங்கு. உங்கள் எண் எந்த எண்ணத்திலிருந்து வந்தது?" ஊகத்தை எழுதி வைக்காதவர் "எனக்கு முன்பே தெரியும்" என்று தன்னையே நம்பவைத்துக்கொள்வார். எழுதி வைத்தவர் தன் பழைய எண்ணத்தை நேராகப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, நடுவில். வீடியோ 6, 7 நிமிடம் ஓடியதும் நிறுத்தி, "இந்தப் படியை அவர் ஏன் செய்தார்? ஒரு வரி" என்று கேட்பது. உளவியலாளர் மிஷெலின் சீயும் அவரது குழுவும் 1989இலும் 1994இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதைப் பற்றியவை. செய்துகாட்டிய கணக்கையோ பாடப்பகுதியையோ தனக்குத்தானே விளக்கிக்கொண்டு படிப்பவர்கள் ஆழமாக விளங்கிக்கொள்கிறார்கள் என்று காட்டினார்கள். மூடிலில் எச்5பி என்ற கருவியால் வீடியோவுக்குள்ளேயே இந்த நிறுத்தத்தை வைக்கலாம்.

மூன்றாவது, பயிற்சியில் பிழை விட்ட உடனே. மிகப் பயன் தருவது இதுதான், அதிகம் மறக்கப்படுவதும் இதுதான். வினாவிடையின் பின்னூட்டலில் சரியான விடையைக் கொட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: "எந்தப் படியில் பாதை மாறியது?"

நான்காவது, சில நாள் கழித்து. "இது எனக்கு எவ்வளவு விளங்கியது" என்ற நம்பிக்கை அளவை வீடியோ முடிந்த உடனே கேட்காதீர்கள். அப்போது எல்லாம் மனதில் பசுமையாக இருப்பதால் எல்லோரும் 5க்கு 5 போடுவார்கள். இடைவெளி விட்டுக் கேட்கும்போது கற்பவரின் மதிப்பீடு உண்மைக்கு நெருங்கி வருகிறது. உளவியலாளர்கள் நெல்சனும் டன்லொஸ்கியும் 1991இல் இதைப் பரிசோதித்துக் காட்டினார்கள். அடுத்த அலகைத் திறக்கும்போது முந்திய அலகின் நம்பிக்கைக் கேள்வி வரட்டும்.

---

கொட்டகலை_பாடவடிவம்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. 2/7 உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் குழுவில் கிப்ஸ் வட்டம் என்ற ஆறுபடி மீள்சிந்தனை முறையை முழுமையாக வைக்கவேண்டும் என்று ஒரு கருத்து இருக்கிறது. கல்வியியற் கல்லூரியில் கட்டுறுபயிற்சி முடித்து வருபவர்களுக்கு அது பழக்கம் என்கிறார்கள். புள்ளி விடயமும் இன்னும் தீரவில்லை. 10 புள்ளி கொடுக்காவிட்டால் யாரும் எழுதமாட்டார்கள் என்கிறார்கள்.

---

பண்டாரவளை_ஆலோசகர்

கிப்ஸ் 1988இல் தந்த வட்டத்துக்கு ஆறு படிகள்: நடந்ததை விவரித்தல், உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயற்றிட்டம். ஒரு பாடத்தை வகுப்பில் நடத்திவிட்டு, அதை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து அலசும்போது இது நன்றாக வேலை செய்யும். 8 வாரப் பாடநெறியில் ஒரு தடவை, 6ஆம் வாரத்தில் அவர்கள் உண்மையான வகுப்பில் ஒரு செயற்பாட்டை நடத்திய பிறகு, வையுங்கள். வாரா வாரம் வைத்தால் முதல் படியிலேயே பக்கம் நிரம்பிவிடும். "பாடம் 8.10க்கு ஆரம்பமானது, மாணவர் 23 பேர் சமூகமளித்தனர்" என்று விவரிப்பு நீளும். பகுப்பாய்வுக்கு வரும்போது இரண்டு வரிதான் மிஞ்சும். போனில் தட்டச்சு செய்பவருக்கு இது இன்னும் மோசம்.

வாராந்தம் வைக்க, கல்வியாளர் டெரி போர்ட்டன் 1970இல் முன்வைத்த மூன்று கேள்விகள் போதும்: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. அதிலும் முதலாவதற்கு ஒரு வரி, இரண்டாவதற்கு மூன்று வரி, மூன்றாவதற்கு ஒரு வரி என்று அளவைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முதலாவதே முழுவதையும் விழுங்கிவிடும்.

புள்ளி பற்றி என் நிலைப்பாடு உறுதியானது. உணர்வுக்கும் நேர்மைக்கும் புள்ளி போடக் கூடாது. 10 புள்ளி என்று வைத்தால், தனக்கு விளங்காததை யாரும் எழுதமாட்டார்கள். பரிசோதகர் விரும்புவதை எழுதுவார்கள். உங்களுக்குக் கிடைக்கும் "நிச்சயம் பயன்படுத்துவேன்" எல்லாம் அந்த வகைதான். நான் பரிந்துரைப்பது 0, 1, 2:

0: எழுதவில்லை, அல்லது எந்த அலகுக்கும் பொருந்தும் பதில்.
1: தன் வேலையில் ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சுட்டியிருக்கிறார் (எந்தக் கணக்கு, எந்தப் படி).
2: அந்த இடம் ஏன் அப்படி ஆனது என்று சொல்லி, அடுத்த தடவை மாற்றும் ஒன்றையும் எழுதியிருக்கிறார்.

காரணம் சரியா பிழையா என்பதற்குப் புள்ளி இல்லை. பிழையான காரணம் எழுதினால் அதற்குப் பதில் எழுதுங்கள், புள்ளியைக் குறைக்காதீர்கள். மொத்தப் பாடநெறிப் புள்ளியில் இது 10 வீதத்தைத் தாண்ட வேண்டாம். இந்த மூன்று வரியையும் 0, 1, 2க்கு ஒவ்வொரு மாதிரிப் பதிலோடு முதல் வாரமே காட்டிவிடுங்கள். மாதிரி காட்டாமல் "ஆழமாகச் சிந்தித்து எழுதுங்கள்" என்று சொல்வதால் ஒரு மாற்றமும் வராது.

---

மூடில்_ஹட்டன்

அமைப்பு விடயங்களை நான் சொல்கிறேன்.

ஒருவர் பதிலை மற்றவர் பார்த்து எழுதுவதைத் தடுக்க மூடில் மன்றத்தில் 'கியூ அண்ட் ஏ' என்ற வகை இருக்கிறது. அதில் தன் பதிலைப் போடும்வரை மற்றவர்களின் பதில் தெரியாது. இரண்டு இடத்தில் ஆட்கள் குழம்புவார்கள். ஒன்று, கேள்வியை ஆசிரியர் ஒரு புதிய உரையாடலாகப் போட்டிருக்க வேண்டும். மன்றத்தின் விளக்கப் பகுதியில் மட்டும் எழுதி வைத்தால் போதாது. மற்றது, பதில் போட்டவுடனே மற்றவர்களின் பதில் திறக்காது. திருத்தும் நேரம் முடிய வேண்டும். வழக்கமான அமைப்பில் அது 30 நிமிடம். "போட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று முறைப்பாடு வருவது இதனால்தான். கேள்வியின் கீழேயே "அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வாருங்கள்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

தனிப்பட்ட பதில் வேண்டுமானால் 'அசைன்மன்ட்' (ஒப்படை), அதில் 'ஒன்லைன் டெக்ஸ்ட்' மட்டும். 'வேர்ட் லிமிட்' வைத்தால் அதற்கு மேல் சமர்ப்பிக்க விடாது. தமிழில் விகுதிகளெல்லாம் ஒட்டி ஒரே சொல்லாகிவிடுவதால் 60 சொல் நல்ல அளவு. ஆங்கிலப் பாடநெறிகளில் இருந்து 150 என்று அப்படியே எடுக்காதீர்கள். தமிழில் 150 சொல் என்பது பெரிய பந்தி.

கூகுள் படிவம் பயன்படுத்துபவர்கள் ஆகக் குறைந்த எழுத்து எண்ணிக்கை வைக்கும்போது கவனிக்கவேண்டும். 'எழுத்து' என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்து. கணினி குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக 7 என்று எண்ணும். 100 எழுத்து என்று கட்டாயப்படுத்தினால் ஏழெட்டு, பத்துச் சொல்லிலேயே தாண்டிவிடுவார்கள். உண்மையில் ஆகக் குறைந்த அளவு வைப்பதே எனக்கு உடன்பாடில்லை. நீளத்தைக் கட்டாயப்படுத்தினால் நிரப்புச் சொற்கள்தான் வரும்.

கூகுள் கிளாஸ்ரூம் என்றால் 'குவெஸ்ஷன்' வகையில் மாணவர் ஒருவருக்கொருவர் பதில் எழுத அனுமதிக்கலாம். அதுவும் தன் விடையைக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுடையதைக் காட்டும்.

அடுத்த அலகைப் பூட்டி வைப்பது பற்றி: 'ரிஸ்ட்ரிக்ட் எக்செஸ்' மூலம் மீள்சிந்தனைப் பதில் வந்தால்தான் அடுத்தது திறக்கும் என்று வைக்கலாம். எல்லா அலகுக்கும் வைத்தால் "சரி" என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போவார்கள். தலவாக்கலை சேர் சொன்ன ஊகக் கேள்விக்கு மட்டும் பூட்டுப் போடுங்கள். அதற்கு ஓர் எண் போதும், எழுதுவதும் சுலபம்.

---

மஸ்கெலியா_ஆரம்பப்பிரிவு

மன்றம் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும், மூடில் சேர் குறை நினைக்கக் கூடாது.

ஒரே வலயத்து 40 ஆசிரியர்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதிபர் யார், யாருடைய வகுப்பு, எந்தத் தோட்டம் என்று பெயரில்லாமலே கண்டுபிடித்துவிடலாம். அங்கே "எனக்குச் சமன்பாடு கற்பிக்கும்போது தடுமாற்றம் இருக்கிறது" என்று யார் எழுதுவார்? ஆசிரியர் உதவியாளராக நியமனம் பெற்று, நிரந்தரமாவதற்குக் காத்திருப்பவர் எழுதவே மாட்டார். ஆகவே எதைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது என்று பிரியுங்கள். பிள்ளைகள் விடும் பிழை பற்றிய கேள்வி மன்றத்துக்குப் போகலாம். ஆசிரியர் தன்னைப் பற்றி எழுதுவது அசைன்மன்டில், பாடநெறி நடத்துநர் மட்டும் பார்க்கும்படி. யார் யார் பார்ப்பார்கள் என்பதைக் கேள்விக்குக் கீழே எழுதுங்கள். எல்லோருக்கும் எது விளங்கவில்லை என்று தொகுத்து அறிய வேண்டுமானால் மூடிலின் 'ஃபீட்பேக்' செயற்பாட்டை அநாமதேயமாக வையுங்கள்.

பிள்ளைகளின் பெயர் பதில்களில் வராமல் பார்க்கவேண்டும். "ஒரு மாணவி" என்று எழுதச் சொல்லுங்கள். அப்பியாசக் கொப்பியைப் படம் எடுத்துப் போடும்போது மேல்மூலையில் உள்ள பெயரை மறைக்கச் சொல்லுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது செய்யவேண்டியதுதான்.

உணர்வைத் தொடும் கேள்விகளில் இன்னும் கவனம் வேண்டும். புவியியல், சுற்றாடல் பாடங்களில் மண்சரிவை எடுத்து "உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்" என்று போடுவதைப் பார்க்கிறேன். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவு நம் மக்களுக்கு வெறும் பாடப் பொருள் அல்ல. வகுப்பில் யார் வீட்டில் யாரை இழந்தார்கள் என்று கேள்வி எழுதுபவருக்குத் தெரியாது. நேருக்கு நேர் வகுப்பில் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். ஒன்லைனில் முகம் தெரியாது. அப்படியான அலகில் "சரிவில் தெரியும் எந்த அறிகுறியை நீங்கள் முதலில் அறிவிப்பீர்கள், ஏன்?" என்று செயலை நோக்கிக் கேளுங்கள். கட்டாயம் எழுத வேண்டும் என்றும் வைக்காதீர்கள்.

சிக்னல்: மூடில் செயலியில் அலகை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். மன்றப் பதிலையும் சிக்னல் இல்லாமலே எழுதி வைக்கலாம், இணைப்பு வந்ததும் தானாகப் போய்ச் சேரும். பிரவுசரில் எழுதினால் இணைப்பு அறுந்ததும் எழுதியது போய்விடலாம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மாலை ஆறு மணிக்கு எல்லோரும் போனைத் திறக்கும் நேரத்தில்தான் இது நடக்கிறது. ஆகவே இறுதி நேரத்தை ஞாயிறு இரவு என்று வைக்காமல் திங்கள் நண்பகல் என்று வையுங்கள்.

தட்டச்சுக் கஷ்டம் உள்ளவர்களுக்கு வாட்ஸ்அப் குரல் பதிவை ஏற்றுக்கொள்ளுங்கள். பேசும்போது மனம் திறந்து சொல்கிறார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இது மொழிப் பரீட்சை அல்ல.

---

பண்டாரவளை_ஆலோசகர்

மிஸ் சொன்ன பாதுகாப்பு விடயங்கள் எல்லாம் சரி. குரல் பதிவில் மட்டும் எனக்குத் தயக்கம். ஆளுக்கு 2 நிமிடம் என்றால் 40 பேருக்கு 80 நிமிடம் கேட்க வேண்டும். எழுத்தை மேலோட்டமாகப் பார்த்து ஒரே மாதிரியான பிழைகளைச் சேர்க்கலாம். குரலில் அது முடியாது. எழுதும்போது திருத்துவதற்காக நிற்கிறோமே, அந்த நிறுத்தமும் சிந்தனையின் பகுதிதான்.

---

மஸ்கெலியா_ஆரம்பப்பிரிவு

60 செக்கன் என்று எல்லை வையுங்கள் சேர். பதிவுக்கு முன் மூன்று சொல்லைக் குறித்து வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள், அந்த மூன்று சொல்லையும் பதிவோடு அனுப்பச் சொல்லுங்கள். தொகுப்பதற்கு அந்தச் சொற்கள் போதும். நிறுத்தம் பற்றி நீங்கள் சொல்வது எழுத்தில் கைவந்தவர்களுக்குச் சரி. மற்றவர்கள் நின்று யோசிப்பது எழுத்துப்பிழையைப் பற்றித்தான்.

---

பண்டாரவளை_ஆலோசகர்

மூன்று சொல் நல்ல வழி. அப்படியானால் ஏற்றுக்கொள்கிறேன்.

---

பதுளைப்_பயிற்றுநர்

நடத்துநரின் நேரத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, பாடநெறிகள் முறிவது அங்கேதான். 40 பதில், ஒன்றுக்கு 3 நிமிடம் என்றாலும் வாரத்துக்கு 2 மணித்தியாலம். மூன்றாம் வாரத்தில் நடத்துநர் நிறுத்திவிடுவார். ஐந்தாம் வாரத்தில் கற்பவர்களும் நிறுத்திவிடுவார்கள். யாரும் வாசிப்பதில்லை என்று தெரிந்த பிறகு யார் எழுதுவார்?

எல்லாவற்றையும் வாசியுங்கள், ஆனால் தனிப்பட்ட பதில் வாரத்துக்கு 10 பேருக்கு, சுழற்சியில். 8 வாரத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவை கிடைக்கும். மற்றவர்களுக்கு அடுத்த அலகின் முதல் பக்கத்தில் ஒரு பந்தி: "சென்ற வாரம் பலர் பகுதியெண் சமனாக இருக்கும்போதும் பெருக்கியதாக எழுதியிருந்தீர்கள். ஆகவே இந்த வாரப் பயிற்சியின் முதல் கணக்கை மாற்றியிருக்கிறோம்." உண்மையிலேயே மாற்றுங்கள். எழுதியதால் பாடம் மாறியது என்று ஒரு தடவை கண்டால், அடுத்த வாரம் அவர்கள் எழுதுவதன் தரமே வேறு.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் எழுதி வாங்குவது இப்போது எங்கும் உண்டு. "கற்றது என்ன" என்ற கேள்விக்கு அது நன்றாகவே எழுதிக்கொடுக்கும். கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி யாரையும் குற்றம் சாட்டாதீர்கள், தமிழில் இன்னும் நம்பகம் குறைவு. கேள்வியை அவருடைய சொந்த வேலையில் கட்டுங்கள்: அவர் வகுப்புக் கொப்பியின் படம், அவர் முதல் வாரம் எழுதிய ஊக எண், இரண்டாம் பயிற்சியில் அவர் தெரிவு செய்த விடை. "உங்கள் படத்தில் மூன்றாம் வரியில் பிள்ளை அழித்து எழுதியிருப்பதைப் பாருங்கள். அழிப்பதற்கு முன் என்ன நினைத்திருப்பாள்?" இதற்குப் படத்தைப் பார்க்காமல் எழுத முடியாது.

---

கொட்டகலை_பாடவடிவம்

எல்லாவற்றையும் வைத்துப் பின்ன அலகுக்கு இப்படி வரைந்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

முன் (பூட்டோடு, ஓர் எண்): "உங்கள் வகுப்பில் 1/3 + 1/4க்கு 2/7 என்று எழுதக்கூடிய பிள்ளைகள் 10 பேருக்கு எத்தனை பேர்?"

வார நடுவில் அதே கணக்கை வகுப்பில் கொடுத்து, பெயரை மறைத்து ஒரு விடையைப் படம் எடுத்தல்.

பின் (கியூ அண்ட் ஏ மன்றம், 60 சொல் அல்லது 60 செக்கன்): "2/7, 1/3 இரண்டில் பெரியது எது? உங்கள் படத்தில் உள்ள பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பீர்கள்? உங்கள் ஊகம் எவ்வளவு தூரம் சரியாக இருந்தது, ஏன்?"

அடுத்த அலகின் தொடக்கத்தில் (அசைன்மன்ட், நடத்துநர் மட்டும்): "பின்னக் கூட்டலைக் கற்பிக்க இப்போது எவ்வளவு நம்பிக்கை, 1 முதல் 5? 5 இல்லையென்றால் எந்தப் படி தடுக்கிறது?"

---

தலவாக்கலை_விஞ்ஞானம்

மூன்றாவதில் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆட்கள் கடைசிக்கு மட்டும் பதில் எழுதுவார்கள். 2/7, 1/3 ஒப்பீட்டை எடுத்து, வினாவிடையில் ஒரு தெரிவு வினாவாக வையுங்கள். ஊகம் பற்றியதை நான்காவதோடு, அசைன்மன்டுக்குக் கொண்டுபோங்கள். தன் வகுப்பைப் பற்றித் தப்பாகக் கணித்ததை மன்றத்தில் எழுத வைக்க வேண்டாம். பிள்ளையிடம் கேட்கும் கேள்வி ஒன்று மட்டும் மன்றத்தில் நிற்கட்டும்.

---

மூடில்_ஹட்டன்

இன்னொன்று. கியூ அண்ட் ஏ மன்றத்தில் படத்தையும் இணைக்க வைப்பதாக இருந்தால் இணைப்பின் அளவெல்லையைப் பாருங்கள். சில தளங்களில் அது 500 கேபி என்று இருக்கும். போன் கமராவில் எடுக்கும் படம் 3, 4 எம்பி வரும், ஏறாது. எல்லையை 5 எம்பிக்கு உயர்த்துங்கள், அல்லது படத்தை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி, சுருங்கிய பிரதியை ஏற்றச் சொல்லுங்கள். டேட்டா குறைவாக உள்ளவர்களுக்கு இரண்டாவது வழிதான் நல்லது.

---

கொட்டகலை_பாடவடிவம்

சரி. ஒப்பீட்டை வினாவிடைக்கும் ஊகத்தை அசைன்மன்டுக்கும் மாற்றிவிட்டேன். 0, 1, 2க்கான மாதிரிப் பதில்களை எழுதி முடித்ததும் இங்கேயே போடுகிறேன். பண்டாரவளை சேர், 1க்கும் 2க்கும் இடையில் தடுமாறக்கூடிய பதில்கள் இரண்டு மூன்று உங்களிடம் இருந்தால், ஆள் அடையாளம் தெரியாமல் மாற்றி அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும்.